பெங்களூரு ஓட்டல்களில் துபாய் வீட்டுக் கண்காட்சி: வாடகைக்காக வாங்குபவருக்கு எவ்வளவு உதவும்?

சனி, ஞாயிறு வந்தால் எம்.ஜி. ரோடு, ஒயிட்ஃபீல்டு பக்கத்து நட்சத்திர ஓட்டல் ஏதாவது ஒன்றில் துபாய் வீட்டுக் கண்காட்சி நடக்கிறது. நுழைவு இலவசம். பெல்லந்தூர், மாரத்தஹள்ளி, ஒயிட்ஃபீல்டு ஐ.டி. குடும்பங்கள்தான் குறி என்பதால், தமிழ் பேசும் விற்பனையாளர் ஒருவராவது ஸ்டாலில் இருப்பார். இந்தியாவில் வசித்துக்கொண்டே துபாயில் ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட நினைப்பவருக்கு இந்தக் கண்காட்சிகள் எந்த அளவுக்குப் பயன்படுகின்றன என்று பார்க்கும் மதிப்பீடு இது. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தைப் பற்றியது அல்ல. நடத்துபவர் மாறினாலும் விற்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். விவரம் சேகரிக்கப் போங்கள், நல்ல இடம். டோக்கன் போடப் போகாதீர்கள். துபாய் பக்கத்து விஷயங்களை ஸ்டாலில் இருப்பவர்கள் நன்றாகவே சொல்கிறார்கள். ஆனால் உங்கள் கைக்கு வரும் வாடகையைத் தீர்மானிப்பவை ரிசர்வ் வங்கி விதி, இந்திய வருமான வரி, சாவி வாங்கிய பிறகு வரும் செலவு ஆகிய மூன்றும்தான். இந்த மூன்றைப் பற்றியும் அங்கே சரியான பதில் கிடைப்பது அபூர்வம்.

முதலில் நல்லதைச் சொல்வோம். ஐந்தாறு பில்டர்களின் வரைபடத்தையும் விலையையும் ஒரே மதியத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. துபாயில் விளம்பரம் செய்யப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்துறை தரும் டிரக்கீசி என்ற விளம்பர அனுமதி எண் வேண்டும், விளம்பரத்தில் அதன் கியூஆர் கோடும் இருக்க வேண்டும். மேசையில் இருக்கும் கையேட்டில் அந்தக் கோடைப் போனில் ஸ்கேன் செய்து பாருங்கள். துபாய் நிலத்துறையின் பக்கம் திறந்து, திட்டத்தின் பெயரும் விலையும் புரோக்கரின் பெயரும் கையேட்டில் உள்ளபடியே வந்தால் சரி. கோடு இல்லை என்றாலோ, வேறு ஏதாவது இணையதளத்துக்குப் போனாலோ அந்த ஸ்டாலை விட்டு நகர்ந்துவிடலாம். 'துபாய் ரெஸ்ட்' என்ற அரசு ஆப்பில் திட்டத்தின் பெயரைப் போட்டால், கட்டுமானம் எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்பதும் தெரியும். விற்பனையாளர் காட்டும் ட்ரோன் வீடியோவைவிட அந்த எண் நம்பகமானது.

கட்டப்படும் வீடுகளுக்கு எஸ்க்ரோ கணக்கு (வேலை நடக்க நடக்க மட்டும் பில்டருக்குப் பணத்தை விடும் காப்புக் கணக்கு) கட்டாயம் என்று துபாயின் 2007-ஆம் ஆண்டின் 8-ஆம் சட்டம் சொல்கிறது. உங்கள் பணம் அந்தத் திட்டத்தின் பெயரிலுள்ள எஸ்க்ரோ கணக்குக்குத்தான் போக வேண்டும். பில்டரின் பொதுக் கணக்குக்கோ புரோக்கரின் கணக்குக்கோ போகக் கூடாது. வீடு உங்கள் பெயரில், கட்டப்படும் வீடுகளுக்கான 'ஊகூத்' பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு மாதக்கணக்காகியும் ஊகூத் சான்று வரவில்லை என்றால் அடுத்த தவணையைக் கட்டுவதற்கு முன் கேளுங்கள்.

கோளாறு தொடங்கும் இடம் டோக்கன். "சார், இந்த ரேட் இன்னைக்கு மட்டும்தான். கார்டைத் தேய்ச்சா யூனிட்டை பிளாக் பண்ணிடலாம்" என்பார்கள். கையடக்க மெஷினும் தயாராக இருக்கும். வெளிநாட்டில் வீடு வாங்குவது மூலதனக் கணக்குப் பரிவர்த்தனை, அதாவது சொத்து சேர்ப்பது. கிரெடிட் கார்டு நடப்புக் கணக்கு எனப்படும் வழக்கமான செலவுக்கானது: ஓட்டல், டிக்கெட், சாப்பாடு. கார்டில் போட்ட முன்பணம் பிறகு அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விசாரணையில் வந்து நிற்கும், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், ஸ்டால் போட்டவர் அல்ல. இதைவிட மோசமானது, பெங்களூரில் இருக்கும் ஏஜென்ட் கணக்கில் ரூபாயாகப் போடச் சொல்வது. அங்கே திர்ஹமாகக் கொடுத்துவிடுகிறோம் என்றால் அது ஹவாலா, வேறு பெயர் கிடையாது.

சரியான வழி ஒன்றுதான். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில், உங்கள் வங்கி வழியாக, ஏ2 படிவமும் பான் எண்ணும் கொடுத்து, நோக்கக் குறியீடு எஸ்0005 என்று போட்டு அனுப்புவது. அந்தக் குறியீடு வெளிநாட்டு அசையாச் சொத்து முதலீட்டுக்கானது. 'குடும்பப் பராமரிப்பு' என்று போட்டு அனுப்பினால் வங்கி கேள்வி கேட்காமல் விடலாம். ஆனால் பத்து வருடம் கழித்து வீட்டை விற்று வரும் பணத்துக்குக் கணக்குக் காட்டும்போது அந்தக் காகிதம் உதவாது. ஒப்பந்தத்தின் நகல், எஸ்க்ரோ கணக்கு விவரம், ஸ்விஃப்ட் ரசீது மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

வரம்பு ஒரு நிதியாண்டுக்கு ஒருவருக்கு 2,50,000 டாலர். 1997 முதல் ஒரு டாலர் 3.6725 திர்ஹம் என்று கட்டிவைக்கப்பட்டிருப்பதால், அது 9,18,125 திர்ஹம். கணவன், மனைவி இருவர் வரம்பையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் வாங்கிவிட்டு இன்னொருவர் வரம்பிலிருந்து பணம் அனுப்பக் கூடாது. இந்த ஒரு வரியை ஸ்டாலில் யாரும் சொல்வதில்லை. புக்கிங் படிவத்தில் ஒரே பெயரைப் போட்டுவிட்டால் பிறகு பெயர் சேர்க்க பில்டருக்கும் நிலத்துறைக்கும் கட்டணம் உண்டு.

கடன் வாங்கி அனுப்பலாமா என்றால், கூடாது. எல்.ஆர்.எஸ்.ஸில் மூலதனக் கணக்குக்கு அனுப்ப இந்திய வங்கி கடன் தரக் கூடாது. இந்தியாவில் வசிப்பவர் துபாய் வங்கியில் வீட்டுக்கடன் எடுக்கவும் ஃபெமா வழிவிடுவதில்லை. ஆனாலும் ஸ்டாலில் "50% மார்ட்கேஜ் பண்ணித் தர்றோம்" என்பார்கள். அது என்.ஆர்.ஐ.க்களுக்கான பேச்சு. நீங்கள் ரெசிடென்டா என்.ஆர்.ஐ.யா என்று முதலிலேயே கேட்காத விற்பனையாளரின் அடுத்த பேச்சு எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கும் '60/40' (கட்டும்போது 60%, மீதி 40% பிறகு), 'மாதம் 1%' திட்டங்களையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். கட்டுமானம் நடக்க நடக்கக் கட்டும் தவணை வேறு. சாவி கைக்கு வந்த பிறகு இரண்டு, மூன்று வருடம் நீளும் தவணை வேறு. இரண்டாவதைப் பில்டர் தரும் கடனாகவே பார்க்கும் ஆடிட்டர்கள் நிறையப் பேர். அந்தத் திட்டங்களைத் தவிர்ப்பதே நல்லது. தவணை நீளமாக இருந்தால் இன்னொரு தலைவலியும் உண்டு. நடுவில் கட்ட முடியாமல் போய், பில்டர் நிலத்துறை வழியாக 30 நாள் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்தால், கட்டுமானம் 60 சதவீதத்தைத் தொடாத நிலையில்கூட வீட்டு விலையில் 25% வரை அவர் வைத்துக்கொள்ளலாம். 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் 40% வரை. கட்டிய பணத்தில் அல்ல, விலையில். நான்கு வருடத் தவணை என்றால் நான்கு நிதியாண்டுகள் எல்.ஆர்.எஸ். விதியும், அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரியான டி.சி.எஸ். விகிதமும் இப்படியே இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறீர்கள் என்று பொருள்.

டி.சி.எஸ். என்றதும் விற்பனையாளர்கள் "அது ரீஃபண்ட் வந்துடும் சார்" என்று முடித்துவிடுவார்கள். உண்மைதான், ஆனால் எப்போது? 2025 ஏப்ரல் 1 முதல் ஒருவருக்கு ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை இல்லை, அதற்கு மேல் 20%. 2 கோடி ரூபாய் அனுப்பினால் 1.9 கோடிக்கு 38 லட்சம் ரூபாயை வங்கி பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டிவிடும். அதாவது 2 கோடி வீட்டுக்குக் கையில் 2.38 கோடி வேண்டும். ஏப்ரலில் அனுப்பினால், அடுத்த ஆண்டு ஜூலையில் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வரும்வரை அந்த 38 லட்சம் வட்டியில்லாமல் கிடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் அனுப்பினால் நான்கைந்து மாதத்தில் ரிட்டர்ன் போட்டுவிடலாம். சம்பளக்காரர்கள் இந்தத் தொகையை அலுவலகத்தில் தெரிவித்து மாத டி.டி.எஸ்.ஸைக் குறைத்துக்கொள்ளவும் 2024 அக்டோபர் முதல் வழி இருக்கிறது. பெங்களூரில் பெரிய சம்பளம் வாங்குபவருக்கு இதுவே சுலபம். மனைவி பெயரில் அனுப்பினால் டி.சி.எஸ். அவர் பானில் ஏறும், ரீஃபண்டும் அவருக்கு வரும். அவருக்குத் தனி வருமானம் இல்லாமல் கணவரின் பணத்தில் வாங்கியிருந்தால் வாடகை மட்டும் கணவரின் வருமானத்தோடு சேர்ந்துவிடும்.

ஐ.டி. ஊழியர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, எந்த ஸ்டாலிலும் இது காதில் விழாது. வெளிநாட்டுத் தாய்நிறுவனம் கொடுத்த ஆர்.எஸ்.யு. பங்குகளை விற்ற பணம் அமெரிக்க புரோக்கரேஜ் கணக்கில் இருந்தால், அங்கிருந்தே வீட்டுக்குக் கட்டலாம். சட்டப்படி வெளிநாட்டில் பெற்ற சொத்தை விற்ற பணத்தில் அசையாச் சொத்து வாங்க 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின் 21-ஆவது விதி இடம் தருகிறது. வெளிநாட்டு நேரடி முதலீடு என்ற வகையில் வரும் பங்குகளுக்கு மட்டும் அது பொருந்தாது. இந்தியாவிலிருந்து பணம் போகாததால் டி.சி.எஸ். இல்லை, எல்.ஆர்.எஸ். வரம்பும் குறையாது. பங்கு விற்ற லாபத்துக்கு இங்கே வரி கட்ட வேண்டும், அது தனி. விற்ற பணத்தை 180 நாளுக்குள் மறுமுதலீடு செய்யாவிட்டால் இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதால், வீடு முடிவான பிறகு பங்கை விற்பதுதான் முறை.

அடுத்தது, "ஏழு எட்டு பர்சென்ட் வாடகை". அந்த எண் பொய்யல்ல, மொத்த வாடகையை விலையால் வகுத்தால் வருவது. கைக்கு வருவது என்ன என்று ஒரு முறை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 8,50,000 திர்ஹத்துக்கு 750 சதுர அடியில் கட்டி முடித்த ஒரு படுக்கையறை ஃப்ளாட், ஆண்டு வாடகை 60,000 என்று வைத்துக்கொள்வோம். சதவீதம் 7.06.

நிலத்துறைப் பதிவுக் கட்டணம் 4% என்றால் 34,000. புரோக்கர் 2%, அதன்மேல் 5% வாட், ஆக 17,850. பதிவு நடக்கும் டிரஸ்டி அலுவலகத்துக்கு வாட் சேர்த்து 4,200. நிர்வாகக் கட்டணம் 580. மொத்தம் 9,06,630 திர்ஹம். ஒருவர் வரம்புக்குள் மயிரிழையில் அடங்குகிறது. ஒன்பது லட்சத்துக்கு வீடு பார்த்தவர்கள் கட்டணங்களுக்கு வரம்பு போதாமல் ஏப்ரல் வரை காத்திருப்பது இதனால்தான்.

இனி ஆண்டுச் செலவு. சர்வீஸ் சார்ஜ் சதுர அடிக்கு 16 திர்ஹம் என்றால் 12,000. பெங்களூரு அப்பார்ட்மென்ட் மெயின்டனன்ஸோடு ஒப்பிட்டால் இது மலைக்க வைக்கும்: மாதக் கணக்கில் சதுர அடிக்கு 30 ரூபாயைத் தாண்டும். நீச்சல்குளம், கடற்கரை, வரவேற்பறை என்று கையேட்டில் படம் கூடக் கூட இந்த எண்ணும் கூடும். பராமரிப்பு ஏஜென்ட் 5%, வாட் சேர்த்து 3,150. ஒரு மாதம் காலி என்றால் 5,000. மிச்சம் 39,850, அதாவது போட்ட பணத்தில் 4.4%.

அதற்கு மேல் இந்திய வரி. துபாயில் தனிநபர் வாடகைக்கு வருமான வரி இல்லை, அதனால் இங்கேயும் இல்லை என்று சொல்லும் விற்பனையாளர் யாராவது ஒருவர் எல்லாக் கண்காட்சியிலும் கிடைப்பார். இந்தியாவில் வசிப்பவருக்கு உலகில் எங்கே வந்த வருமானமும் வரிக்குரியது, இரட்டை வரி ஒப்பந்தம் இதை மாற்றவில்லை. அங்கே வரி கட்டாததால் இங்கே கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. வந்த வாடகை 55,000-இல் 30% நிலையான கழிவு போக 38,500. உச்ச விகிதம் செஸ் சேர்த்து 31.2% என்றால் வரி 12,012 திர்ஹம். சர்வீஸ் சார்ஜைத் தனியாகக் கழிக்க முடியாது, அந்த 30%-க்குள்ளேயே அடக்கம். கடைசியில் மிஞ்சுவது 27,838. போட்ட பணத்தில் 3.07%.

ஆக, ஸ்டாலில் கேட்ட 7 வீட்டுக்கு வரும்போது 3. டாலரோடு கட்டிய நாணயத்தில் ஒரு சொத்து, ரூபாய் சரிந்தால் வரும் லாபம், விலை ஏற்றம் ஆகியவற்றுக்காக 3% வாடகையை ஏற்றுக்கொள்வது நியாயமான முடிவாகவே இருக்கலாம். வாடகை மட்டுமே நோக்கம் என்றால் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். "மூன்று வருடம் 8% உத்தரவாத வாடகை" என்ற சலுகையும் இதில் ஒன்றையும் மாற்றாது. அந்தப் பணம் பெரும்பாலும் வீட்டு விலையிலேயே ஏற்றப்பட்டிருக்கும். அதே கட்டடத்தின் பக்கத்துக் கட்டடத்தில் மறுவிற்பனைக்கு வந்திருக்கும் ஃப்ளாட்டின் சதுர அடி விலையோடு ஒப்பிட்டால் எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

சர்வீஸ் சார்ஜ் என்ன என்று கேட்டால் "எஸ்டிமேட் பன்னெண்டு" என்பார்கள். கட்டி முடித்த கட்டடங்களுக்கு நிலத்துறை அனுமதித்த தொகையை அதன் சர்வீஸ் சார்ஜ் குறியீட்டில் கட்டடத்தின் பெயரைப் போட்டே பார்க்கலாம். அதே பில்டரின் பழைய கட்டடங்கள் இரண்டை அங்கேயே போனில் தேடிப் பாருங்கள். அடுத்து சில்லர். ஏ.சி.க்கான குளிர்ந்த நீர் பல கட்டடங்களில் வெளி நிறுவனத்திடமிருந்து வருகிறது. பயன்படுத்திய அளவுக்கு ஒரு பில், ஒதுக்கிய திறனுக்கு ஒரு நிலையான கட்டணம். வீடு காலியாக இருந்தாலும் இரண்டாவது ஓடிக்கொண்டே இருக்கும், கட்டுவது உரிமையாளர். 'சில்லர் ஃப்ரீ' கட்டடமா (குடியிருப்பவருக்குக் குளிர்நீர்க் கட்டணம் தனியாக இல்லாதது) இல்லையா என்பது வாடகையையே மாற்றும் விஷயம், அதை விலைப்பட்டியலில் தேடினாலும் கிடைக்காது.

வாடகைக்கு விடும் முறையும் நம்மூர் போல இல்லை. ஆண்டு வாடகையை ஒன்று முதல் பன்னிரண்டு வரையிலான பின்தேதியிட்ட செக்குகளாக முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். செக் எண்ணிக்கை குறைந்தால் வாடகையும் கொஞ்சம் குறையும். ஒப்பந்தத்தை அரசின் வாடகைப் பதிவு முறையான 'எஜாரி'யில் பதிய வேண்டும், பதியாவிட்டால் வாடகைத் தகராறு மையத்தில் வழக்கே போட முடியாது. அங்கே வழக்குக் கட்டணம் ஆண்டு வாடகையில் 3.5%. வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 2013-ஆம் ஆண்டின் 43-ஆம் ஆணைப்படி, இப்போதைய வாடகை சந்தை அளவைவிட 10% வரை குறைவாக இருந்தால் ஏற்றவே கூடாது. 11 முதல் 20% வரை குறைவு என்றால் 5% ஏற்றலாம். இப்படியே படிப்படியாகப் போய் உச்சம் 20%. அதற்கும் 90 நாளுக்கு முன் அறிவிப்பு வேண்டும். வீட்டை விற்கவோ சொந்த உபயோகத்துக்கோ காலி செய்யச் சொல்ல நோட்டரி அல்லது பதிவுத் தபால் மூலம் 12 மாத அறிவிப்பு. வாட்ஸ்அப்பில் அனுப்பியது செல்லாது. குடியிருப்பவரோடு சேர்த்து மறுவிற்பனை ஃப்ளாட் வாங்கினால், எஜாரி ஒப்பந்தத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

இதனால்தான் வாடகை வேண்டும் என்பவருக்கு ஆஃப்-பிளானை (இன்னும் கட்டப்படும் வீட்டை) விடக் கட்டி முடித்த வீடே மேல். ஒரே நிதியாண்டில் பணம் அனுப்பி முடித்துவிடலாம், சர்வீஸ் சார்ஜ் தெரிந்த எண், வாடகை தெரிந்த எண். கண்காட்சிகளில் இந்த வகை வீடு கிட்டத்தட்ட இருப்பதே இல்லை, ஏனென்றால் பில்டர் கொடுக்கும் கமிஷன் புது வீட்டில்தான். மறுவிற்பனையில் ஒப்பந்தம் 'ஃபார்ம் எஃப்'பில் போடப்படும், 10% செக் முன்பணமாகப் புரோக்கரிடம் இருக்கும், பில்டரின் தடையில்லாச் சான்று வந்த பிறகு டிரஸ்டி அலுவலகத்தில் பதிவு. நேரில் போக முடியாதவர்கள் பவர் ஆஃப் அட்டர்னி அனுப்ப வேண்டும்: இங்கே நோட்டரி, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு யு.ஏ.இ. தூதரகம், அங்கே போனதும் அவர்களின் வெளியுறவுத் துறை முத்திரையும் அரபு மொழிபெயர்ப்பும். இதற்கான நாட்களை ஒப்பந்தக் கெடுவில் சேர்த்துக் கேளுங்கள். பவரில் விற்கும் உரிமையைச் சேர்க்க வேண்டாம், வாங்கவும் பதியவும் மட்டும் போதும்.

ஸ்டாலில் இருக்கும் பெரிய பலகை கோல்டன் விசாவுக்கானது. 20 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்துக்கு பத்து வருட விசா, அது சரி. ஆனால் விசா கையில் இருப்பதாலேயே இந்திய வரி நின்றுவிடாது. நீங்கள் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள் என்பதே கணக்கு.

சில கண்காட்சிகளில் ஓரமாக லண்டன் ஸ்டாலும் இருக்கும். இங்கிலாந்தில் இரண்டாவது வீட்டுக்கு முத்திரைத் தீர்வையில் கூடுதல் 5%, அங்கே வசிக்காதவருக்கு அதற்கு மேல் 2%. துபாயோடு ஒப்பிட்டால் நுழையும் செலவே வேறு கணக்கு.

பணம் அனுப்பிய ஆண்டிலிருந்தே, வீடு இன்னும் குழியாக இருந்தாலும், ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையான எஃப்.ஏ.வை நிரப்ப வேண்டும். ஐ.டி.ஆர்.-1 போடக் கூடாது. அந்த அட்டவணை டிசம்பர் 31-ஓடு முடியும் ஆண்டுக்கானது, மார்ச் 31 அல்ல. அந்த மூன்று மாத வித்தியாசத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். விட்டுவிட்டால் கறுப்புப் பணச் சட்டம் 2015-இன்படி ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம். 20 லட்சம் ரூபாய் வரையிலான வெளிநாட்டுச் சொத்துக்கு 2024 அக்டோபரில் வந்த விலக்கு அசையாச் சொத்துக்குக் கிடையாது என்பதை ஆடிட்டரே சில சமயம் கவனிக்காமல் விடுவார், எடுத்துச் சொல்லுங்கள். வாடகை வாங்க அங்கே வங்கிக் கணக்கு திறந்தால் அதையும் காட்ட வேண்டும். இரு நாடுகளும் கணக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்கின்றன.

கடைசியாக உயில். முஸ்லிம் அல்லாதவர்கள் துபாய் சொத்துக்கு அங்குள்ள சர்வதேச நிதி மையமான டி.ஐ.எஃப்.சி.யின் பதிவகத்தில் உயில் பதியலாம், 2015 முதல் அந்த வசதி உண்டு. சென்னையிலோ பெங்களூரிலோ எழுதிய உயிலை மட்டும் நம்பினால், மனைவியும் பிள்ளைகளும் அங்கே நீதிமன்றம், மொழிபெயர்ப்பு, சான்றொப்பம் என்று அலைய வேண்டியிருக்கும். அதுவரை வீட்டை விற்கவோ பெயர் மாற்றவோ முடியாது. சாவி வாங்கும் பயணத்திலேயே இதையும் முடித்துவிட்டு வருவது நல்லது.